சுவரினுட் புகுந்த அலுமாரி: அமெரிக்க இல்ல வரலாற்றில் ஓர் அத்தியாயம்

ஐக்கிய அமெரிக்காவில் வீட்டைத் திருத்தியமைப்போர் விரும்பி மேற்கொள்ளும் வேலைகளுள் ஒன்று, படுக்கையறைச் சுவரினுள் உடைகளுக்கான இடத்தைத் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளுதலாகும். தட்டுக்கள், இழுப்பறைகள், உடைகளைத் தொங்கவிடும் கோல் என்பன அங்குலக் கணக்கில் அளந்து பொருத்தப்படுகின்றன. வீட்டோடு ஒன்றாகிவிடும் இச்சுவரலுமாரி அந்நாட்டின் பழைய வீடுகளிற் குறைவாகவே காணப்படுகின்றது. மக்கள் தம் உடைகளை எங்கு வைத்தனர் என்பது அற்பமான வினாவாகத் தோன்றலாம். ஆயினும் அதற்கு விடை தேடுமிடத்து, துணி யாருடைய உழைப்பால் மலிவாயிற்று, வீடு யாருக்குக் கிடைத்தது என்னும் வினாக்களையும் எதிர்கொள்ள வேண்டியதாகின்றது.

பழைய வீடுகளிற் சுவரலுமாரி அருகியிருந்தமைக்குச் செவிவழிக் கதையொன்று காரணங் கூறுகின்றது. குடியேற்றக் காலத்தில் அது தனியறையாகக் கணிக்கப்பட்டு வரி விதிக்கப்பட்டதென்றும், அவ்வரிக்கு அஞ்சியே மக்கள் அதனைத் தவிர்த்தனரென்றும் கூறுவர். இக்கதைக்கு ஆவணச் சான்று இல்லை. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை சாளரங்களுக்கு வரி இருந்தமை உண்மை. 1798இல் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய அரசு நேர்வரி விதித்தபோதும் வீடுகளின் அளவு, மாடிகள், சாளரங்கள் என்பன பதிவுசெய்யப்பட்டன. சுவரலுமாரிக்கு வரி விதித்த சட்டமோ கண்டறியப்படவில்லை. மேலும், 18ஆம் நூற்றாண்டு வீடுகள் பலவற்றில், முன்னோக்கிப் புடைத்து நிற்கும் புகைபோக்கியின் இருமருங்கிலும் எஞ்சிய குழிவிடங்கள் தட்டுக்கள் பொருத்திக் கதவிடப்பட்டிருந்தன. வரிக்கு அஞ்சியோர் இவற்றை அமைத்திரார்.

உண்மைக் காரணம் எளிமையானது. வைப்பதற்குரிய உடைகள் மிகுதியாக இருக்கவில்லை. கையால் நூல் நூற்ற காலத்தில் ஒரு நெசவாளனுக்கு வேண்டிய நூலை வழங்கப் பலர் நூற்க வேண்டியிருந்தது. எனவே துணி விலைமதிப்புள்ள சொத்தாயிற்று. இறந்தோரின் உடைமைப் பட்டியல்களில் படுக்கை விரிப்புக்களும் உடைகளுங்கூட விலை குறித்து எழுதப்பட்டன. நல்லுடைகள் பெட்டகங்களில் மடித்து வைக்கப்பட்டன. அன்றாட உடைகள் சுவர் முளைகளில் தொங்கின. நியூயோர்க்கில் ஒல்லாந்த வழியினரும், பென்சில்வேனியாவில் யேர்மன் வழியினரும் பேரலுமாரிகளைப் பயன்படுத்தினர். அவற்றுட் பல, பகுதி பகுதியாகக் கழற்றி வேறிடம் கொண்டு செல்லத்தக்கவை. பெட்டகமும் அலுமாரியும் உடையவரோடு பெயர்ந்தன, வீட்டோடு தங்கவில்லை. போர்த்துக்கேயர் வழியாக ஈழத்தமிழில் நிலைத்த ‘அலுமாரி’ என்னும் சொல்லின் இலத்தீன் மூலமும் ஆயுதங்களையும் கருவிகளையும் வைக்கும் பேழையையே குறித்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இந்நிலையை மாற்றியது கைத்தொழிற் புரட்சியாகும். இங்கிலாந்தில் ஆர்க்ரைற் 1769இலும், குரொம்ப்டன் 1779இலும் உருவாக்கிய நூற்புப்பொறிகள் நூலின் விலையை வீழ்த்தின. 1793இல் இலி விற்னி அமைத்த பொறி பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் வேலையை விரைவுபடுத்தியது. மசாசூசெற்ஸ் மாநிலத்து வோல்தமில் 1814இல் நூற்பும் விசைத்தறி நெசவும் ஒரே கூரையின்கீழ் நடைபெறலாயின. 1840களிலும் 1850களிலும் தையற்பொறி பரவ, ஆயத்த உடைகளும் பெருகின. ஆயின் பொறிகள் மட்டும் துணியை மலிவாக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1790இல் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் ஏறத்தாழ 40 இலட்சமாயிற்று. அவர்களுட் பெருந்தொகையினர் தென் மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களில் உழைத்தனர். வட மாநிலத்து இல்லங்களில் உடைகள் பெருகியதற்கு இவ்வுழைப்பே அடித்தளமாயிற்று.

உடை பெருகிய அதே காலத்தில் வீடு கட்டும் முறையும் மாறியது. பருமரங்களைத் துளையும் கழுந்துமாக இணைத்துச் சட்டம் எழுப்பும் பழைய முறைக்குத் தேர்ந்த தச்சர் பலர் தேவைப்பட்டனர். 1830களில் சிக்காகோப் பகுதியிற் பரவிய புதிய முறையில், ஆலையில் அறுத்த மெல்லிய மரங்கள் பொறியாற் செய்த ஆணிகளைக்கொண்டு இணைக்கப்பட்டன. அறையினுள் மேலுமொரு தடுப்புச்சுவர் எழுப்புதல் இலகுவாயிற்று. சுவரலுமாரி சாதாரண வீட்டிற்கும் எட்டக்கூடியதாயிற்று.

எனினும், அதனை முதன்முதலிற் பெருமளவில் அமைத்தோருள் குறிப்பிடத்தக்கவர்கள் தனிச்சொத்தே இல்லாதவர்களாயிருந்தமை வியப்புக்குரியது. 1774இல் ஆன் லீ என்பாரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வந்த ஷேக்கர் சமயப் பிரிவினர், துறவு பூண்டு பொதுவுடைமையாக வாழ்ந்தனர். மசாசூசெற்ஸில் ஹான்கொக் என்னுமிடத்தில் 1830இல் அவர்கள் கட்டிய செங்கல் இல்லத்தில் 245 அலுமாரிக் கதவுகளும் 369 இழுப்பறைகளும் உள்ளன. சுவரோடு சேர்ந்த அலுமாரியின் அடியில் தூசி சேர்வதில்லை, இடமும் வீணாவதில்லை. பலர் சேர்ந்து வாழும் இல்லத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம் வேண்டியிருந்தது. ஒழுங்கு அவர்களுக்கு வழிபாட்டின் ஒரு கூறு.

பணியாளரற்ற குடும்பத்தின் இல்லத்திற்கு இதே ஒழுங்கைக் கொண்டுவர முயன்றோர் கதறின் பீச்சரும் அவருடைய தங்கை ஹரியற் பீச்சர் ஸ்ரோவுமாவர். 1869இல் அவர்கள் வெளியிட்ட இல்லறப் பொருளியல் நூல், சில்லுகளில் உருளும் உடை அலுமாரியொன்றை அறையைப் பிரிக்கும் தடுப்பாகவும் பயன்படுத்தும் வழியைப் படத்துடன் விளக்கியது. பொருள் வைக்கும் இடம் பெண்ணின் வேலைச்சுமையைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது என்பதே அவர்தம் கருத்து. அடிமை முறைக்கெதிராக 1852இல் புகழ்பெற்ற நாவலை நூலாக வெளியிட்டவரும் இந்த ஹரியற்றே என்பது குறிப்பிடத்தக்கது.

சுவரலுமாரியின் இன்றைய அளவைத் தீர்மானித்தது உடைதாங்கியாகும். முளைகளில் உடைகளை மாட்டிய காலத்தில் ஆழங்குறைந்த இடம் போதுமானது. உடைதாங்கியைக் கோலிற் கொழுவி, உடைகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கித் தொங்கவிடும் முறை பரவியதும், தோளின் அகலத்திற்கு ஏற்ப ஏறத்தாழ 24 அங்குல ஆழம் வேண்டியதாயிற்று. அதே சுவர் நீளத்தில் முன்னையிலும் பன்மடங்கு உடைகள் அடங்கின.

இரண்டாம் உலகப் போரின்பின் இது நடுத்தர வர்க்கத்தின் பொதுச் சொத்தாயிற்று. நியூயோர்க்கை அடுத்த லெவிற்ரவுணில் 1947 முதல் 1951 வரை 17,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொடக்கத்தில் அமைந்த வீடுகள் 750 சதுர அடி கொண்டவை. கூரையின்கீழிருந்த மேற்றளம் முடிக்கப்படாமலே விடப்பட்டது. அதனை அறையாகவும் அலுமாரியாகவும் மாற்றும் பணியை வீட்டுக்காரர் ஒட்டுப்பலகையையும் மின் துளைகருவியையும் கொண்டு தாமே மேற்கொண்டனர். வீட்டைத் தாமே திருத்தும் வழக்கம் இத்தகைய குடியிருப்புகளில் வேரூன்றியது. ஆயின் கறுப்பின மக்கள் அங்கு குடியேற முடியவில்லை. இத்தகைய இனத்தடை ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாதென உயர் நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்த பின்னரும் அவர்களுக்கு வீடு விற்கப்படவில்லை. துணியை மலிவாக்கியோரின் வழித்தோன்றல்களுக்கு, அத்துணியை வைக்கும் வீடு மறுக்கப்பட்டது.

சுவரலுமாரி, ஆகவே, தச்சுத்திறனின் வரலாறு மட்டுமன்று. ஷேக்கர்களின் கையில் அது பொதுவாழ்வின் ஒழுங்காக இருந்தது; பின்னர் தனியார் நுகர்வின் கொள்கலமாயிற்று. பலகையும் ஆணியும் பெரிதும் மாறவில்லை. உடைமை உறவுகளே மாறின. வரி பற்றிய கதை ஆதாரமற்றதாயினும் இன்றும் வழங்குவதற்குக் காரணம் அதன் சுவை மட்டுமன்று. சுவரலுமாரி இல்லாமைக்கு அக்கதை அரசாங்கத்தைக் காரணமாக்குகின்றது. அது பின்னர் நிறைந்தமைக்குக் காரணமான பருத்தித் தோட்டத்து உழைப்பாளரோ அக்கதையில் இடம்பெறுவதில்லை.