வலையில் தொங்கும் ஈயத்தின் கதை

 

போன கிழமை தரம் 8 பிள்ளையொருவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்துக் காட்டினான். பாரைக்குப் போடுகிற ஜிக். ஈயத்தில் மீன் மாதிரி உடம்பு, வாலில் தூண்டில், கண்கூடக் கீறியிருந்தான். "நானே வார்த்தது சேர்." எதில் உருக்கினாய் என்று கேட்டேன். "உம்மாட தாச்சியில, குசினிக்குள்ள." ஈயம் எங்கால? "பழைய பைக் பற்றரி."

கெட்டிக்காரன்தான். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நம் சேருவில பக்கத்தில் செம்பும் இரும்பும் கலந்த தாது 1971இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஈயச் சுரங்கம் மட்டும் இலங்கையில் இல்லை. ஈயம் எப்போதும் கடல் கடந்து வந்த பொருள்தான். ஆனாலும் பழையது. திஸ்ஸமகாராமைப் பக்கம் பிராமி எழுத்துப் பொறித்த பண்டைய ஈயக் காசுகள் கிடைத்திருக்கின்றன. 1659இல் புயலில் பாய்மரம் போன 'ஆன்' கப்பல் நம் கொட்டியாறுக் குடாவுக்குள் வந்தது, ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்டது எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் காலத்துக் கப்பல்களில் ஆழம் பார்க்க ஒரு கயிறு இருக்கும், அதன் நுனியில் ஈயக் குண்டு. குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி இறக்கினால் கீழே சேறா மணலா என்று ஒட்டிக்கொண்டு வரும். பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைப் பெட்டிகளுக்குள் ஈயத் தகடு விரித்தார்கள். அலுமினியத் தாள் வந்த பிறகு அதுவும் போயிற்று.

இவ்வளவு உலோகங்கள் இருக்க வீச்சு வலைக்கும் தங்கூசிக்கும் ஏன் ஈயம்? இரும்பு உருக 1538 பாகை வேண்டும், ஈயத்துக்கு 327 போதும். விறகடுப்பே காணும். இரும்பைவிட ஒன்றரை மடங்கு பாரம், கத்தியால் வெட்டலாம், பல்லால் நெரிக்கலாம். நம் பொடியன்மார் பல்லால்தான் நெரிக்கிறார்கள், உல்லைக்கழிப் பக்கம் நானே கண்டிருக்கிறேன். கொல்லன் பட்டறை தேவைப்படாத உலோகம் என்பதால்தான் அது குசினிக்குள் வந்தது.

அதன் குணம் தெரியாமலும் இல்லை. ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்பே ரோமில் விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர், ஈயக் குழாய்த் தண்ணீர் கூடாது, ஈய வேலைக்காரரின் வெளிறிய முகத்தைப் பாருங்கள் என்று எழுதிவைத்தார். இங்கிலாந்தில் 1987இல் சிறிய தூண்டில் ஈயங்களை விற்கத் தடை வந்தது. அன்னங்கள் அவற்றை விழுங்கிச் செத்ததுதான் காரணம்.

1859இல் பிரான்சில் பிளாந்தே என்பவர் ஈய பற்றரியைக் கண்டுபிடித்தார். வாகனம் பெருகப் பெருக, பழைய பற்றரி ஏழைக்கு இலவச ஈயம் ஆகிவிட்டது. ஆனால் அது சுத்தக் கட்டி ஈயம் அல்ல. உள்ளே அமிலமும், தகடுகளில் பூசிய ஈயக் கலவையும் இருக்கின்றன. அது காய்ந்தால் தூள். அந்தத் தூள்தான் கையில், பாயில், தவழும் பிள்ளையின் வாயில் போய்ச் சேர்வது.

செனகல் தலைநகர் டாக்கருக்குப் பக்கத்தில் தியாரோய் என்று ஒரு கடற்கரை ஊர். நம்மைப் போல மீன்பிடிச் சனம், பெரும்பாலும் முஸ்லிம்கள். அங்கே கொல்லர்கள் பழைய பற்றரி உடைத்து மீன்பிடிக்கு ஈயக் குண்டு வார்த்து வந்தார்கள். வருஷக்கணக்காகத் தூள் மணலில் படிந்தது. ஈய விலை ஏறியதும் வியாபாரிகள் அந்த மணலுக்கே விலை பேசினார்கள். பெண்கள் வீட்டு வாசலில் இருந்து சலித்தார்கள், மூட்டைகள் வீட்டுக்குள்ளும் இருந்தன. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 பிள்ளைகள் மௌத்தானார்கள். எல்லோரும் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள். முதலில் காரணமே விளங்கவில்லை. பிறகு உலக சுகாதார நிறுவனம் போய் ஆராய்ந்தது.

பிள்ளைகளுக்கு இவ்வளவு ஈயம் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது அந்த நிறுவனம். கொஞ்சம் போனாலும் மூளையைத்தான் தொடும். பாடம் ஏறாத பிள்ளையைப் பிரம்பால் திருத்தப் பார்த்த நம் வாத்திமார் இதை யோசித்ததில்லை, நானும்தான்.

தூண்டில் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. இரும்பு நட்டு கட்டினாலும் இறங்கும், கொஞ்சம் பெரிதாகக் கட்டவேண்டும், அவ்வளவுதான். வார்த்தே ஆகவேண்டும் என்றால் பற்றரி உடைக்காதீர்கள். வளவுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி, பிள்ளைகள் இல்லாத இடத்தில், அதற்கென்றே வைத்த சட்டியில் செய்யுங்கள். அச்சில் ஈரம் இருக்கக்கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் உருகிய ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். முடிந்ததும் உடுப்பை மாற்றி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சோற்றில் வைக்கவேண்டும்.

நேற்று அஸருக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். உம்மா தாச்சியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அதில்தான் மீன் பொரித்துக்கொண்டிருந்தா. விஷயத்தைச் சொல்லி, புதுத் தாச்சி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கொண்டுவந்துவிட்டேன். அந்த வீட்டில் கைக்குழந்தையும் ஒன்று இருக்கிறது. மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.