குலுக்கல் சீட்டும் கூட்டு முகாமும்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள பிளாக் ராக் பாலைவனத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் ‘பர்னிங் மேன்’ விழாவில், வெறும் பார்வையாளராக எவரும் இருத்தலாகாது என்பது கொள்கை. 1993-இல் பீட்டர் டோட்டி என்பவர் கொளுத்தும் வெயிலில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டு, வந்தோர்க்கெல்லாம் கேக் வழங்கினார். குறும்பாகத் தோன்றிய அதுவே முதல் கருப்பொருள் முகாமாகக் கருதப்படுகிறது.

பின்னர் முகாம்கள் பெருகின. கலைப்படைப்பு ஒருபுறமிருக்க, நிழற்பந்தல், பொதுச் சமையல், குடிநீர், மின்னாக்கி, கழிவுநீரைக்கூடத் திரும்ப எடுத்துச் செல்லும் பொறுப்பு என மாதக்கணக்கான உழைப்பு பலரிடையே பகிரப்பட்டது.

2011-இல் நுழைவுச்சீட்டுகள் முதன்முறையாக முற்றிலும் விற்றுத் தீர்ந்தன. மறு ஆண்டு அமைப்பாளர்கள் குலுக்கல் முறையைக் கொணர்ந்தனர். அது தனிமனிதருக்கு நியாயமானது, முகாமுக்கோ பேரிடி. தச்சருக்குச் சீட்டு விழுந்தால் சமையல் பொறுப்பாளருக்கு விழவில்லை. பல முகாம்களில் பாதிப்பேருக்குக்கூடக் கிட்டவில்லை. இறுதியில், பொது விற்பனைக்கென வைத்திருந்த சுமார் 10,000 சீட்டுகள் முகாம்களுக்கும் கலைக்குழுக்களுக்கும் திருப்பிவிடப்பட்டன.

பழையவர்களுக்குச் சலுகை என்று புதியவர்கள் குறைகூறினர்; அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் பந்தல் நடுவோர் வராவிடில், குலுக்கலில் வென்றவர் காண்பதற்கு வெடித்த களிமண் தரையன்றி வேறென்ன இருந்திருக்கும்? 2013 முதல் குழுக்களுக்கான தனி விற்பனை ஏற்பாடு நிலைபெற்றது.