வார்ஸாவிலிருந்து முனுசாமி சாலைக்கு

தோர்கல் யார் என்று தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. வடகடலில் வழிதவறிய வைக்கிங் கப்பல் ஒன்று. அந்தக் காலத்து வழக்கப்படி அதன் முகப்பில் வாய் பிளந்த டிராகன் தலை. அதில் வருகிறவர்கள் ஓர் உலோகப் பேழையைக் காண்கிறார்கள், உள்ளே பச்சைக் குழந்தை. தலைவன் லெய்ஃப் ஹரால்ட்ஸன் குழந்தையை எடுத்து வளர்க்கிறான். இடிக்கடவுள் தோர், கடற்கடவுள் ஏகிர் இருவர் பேரையும் சேர்த்து 'தோர்கல் ஏகிர்சன்' என்று பெயர் வைக்கிறான். வைக்கிங்குகளுக்கு அது கடவுள் கொடுத்த பிள்ளை. வாசகனுக்கு மட்டும் அது விண்கலத்தில் வந்த பிள்ளை என்று தெரியும்.

மந்திரமும் இயந்திரமும் மாநாகமும் ஒரே கதைக்குள் அடித்துக்கொள்ளும் இந்த உலகம் சென்னை கே.கே. நகர் வரைக்கும் வந்து சேர்ந்த வழி, கதையைவிடச் சுற்றுவழி.

அது புறப்பட்ட இடம் வார்ஸா. கிரெகோர்ஸ் ரோசின்ஸ்கி 1941இல் பிறந்தவர், வார்ஸா நுண்கலைக் கழகத்தில் படித்தவர். கம்யூனிஸ்ட் போலந்தில் 'காப்டன் ஸ்பிக்' என்ற போலீஸ் காமிக்ஸுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார். 1970களின் நடுவில் பிரஸ்ஸல்ஸ் போனபோது அங்கே ஜான் வான் ஹாம் என்ற பெல்ஜியக்காரரைச் சந்தித்தார். வான் ஹாம் பிலிப்ஸ் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்துவிட்டு, எழுத்துக்காக அதை உதறியவர். பின்னாளில் 'XIII', 'லார்கோ வின்ச்' இரண்டையும் எழுதியவரும் இவர்தான். தமிழில் 'இரத்தப் படலம்' படித்தவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இருவரும் சேர்ந்து செய்த தோர்கல், 1977 மார்ச்சில் 'டின்டின்' வார இதழில் தொடராக வந்தது. எழுதியவர் பிரஸ்ஸல்ஸில், வரைந்தவர் வார்ஸாவில், நடுவில் இரும்புத்திரை. கதை மேற்கிலிருந்து போகும், வரைந்த பக்கங்கள் கிழக்கிலிருந்து வரும். மறுவருஷமே போலந்தின் 'ரெலாக்ஸ்' காமிக்ஸ் இதழிலும் தோர்கல் வந்தான். பனிப்போரின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வாசிக்கப்பட்டவர்களைத் தேடினால் ரொம்பப் பேர் கிடைக்க மாட்டார்கள். 1980இல் 'லொம்பார்' பதிப்பகம் முதல் ஆல்பத்தைப் புத்தகமாகப் போட்டது. 1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. அதன் பிறகு ரோசின்ஸ்கி குடும்பத்தோடு பெல்ஜியத்தில் குடியேறினார். ஊரைவிட்டு வந்த ஒருவர், எந்த ஊரிலும் ஒட்டாத ஒருவனை வரைந்துகொண்டே இருந்தார். தோர்கலுக்கு எந்தத் தீவில் குடிசை போட்டாலும் நிலைக்காது, நாலாவது பக்கத்தில் யாராவது படகில் வந்து இறங்கிவிடுவார்கள்.

என் கணக்கில் இந்தத் தொடரின் உச்சம் 'கா' நாட்டுக் கதைகள். பத்தாவது ஆல்பத்திலிருந்து பதின்மூன்றாவது வரை, 1986 முதல் 1988 வரை வந்தவை. கடலுக்கு அப்பால் காடும் பிரமிடுகளும் நிறைந்த ஒரு தேசம். அங்கே இரண்டு அரசர்கள், இரண்டு பேரையும் ஜனங்கள் கடவுளாகக் கும்பிடுகிறார்கள். ஒருவன் டனட்லாக், இன்னொருவன் ஒகோடாய். வானத்தில் மிதந்து போகும் கப்பல்கள் அவர்களிடம் இருக்கின்றன, பார்வையாலேயே ஆளை வீழ்த்தும் சக்தியும் இருக்கிறது. கும்பிடாமல் என்ன செய்வார்கள்? உண்மையில் இருவரும் தோர்கலின் விண்கலத்தில் வந்தவர்கள். ஒருவர் அவனுடைய தாத்தா, மற்றவர் அப்பா. (முடிச்சை அவிழ்த்துவிட்டேன் என்று கோபப்படுகிறவர்கள் பொறுக்க வேண்டும். நாற்பது வருஷக் கதை இது.) ஜனங்கள் செத்து விழும் யுத்தம் முழுவதும் ஒரு குடும்பத்துச் சண்டை. யந்திரம் கையில் இருக்கிறவன் சாமி, இல்லாதவன் பலி. டிராகன் மேல் ஏறி வாள் சுழற்றும் கதைகளில் ஆயுதத்தின் மேல் ஒரு மயக்கம் இருக்கும். வான் ஹாமுக்கு அந்த மயக்கம் கிடையாது. அவருடைய நாயகன் நல்ல வில்லாளி, ஆனால் வில்லை மாட்டிவைக்க ஒரு ஆணி தேடி அலைகிறவன்.

மாநாகமும் உண்டு. 1984இல் வந்த ஏழாவது ஆல்பத்தில், உலகத்தில் இல்லாத உலோகத்தைத் தேடி அலையும் டியாஸி என்ற குள்ளன் வருகிறான். அந்த உலோகம் கிடைக்காவிட்டால் அவன் இனமே நிட்ஹாக் என்ற நாகத்துக்கு அடிமை. நார்ஸ் புராணத்தில் உலக மரத்தின் வேரைக் கடித்துக்கொண்டே இருக்கும் அதே நிட்ஹாக்தான். பூமியில் இல்லாத உலோகம் எங்கே இருக்கும்? குழந்தை தோர்கல் வந்திறங்கிய பேழையோடு வந்த பொருளில்தான். புராணம் போட்ட பூட்டுக்கு விண்வெளிச் சாவி. இந்த ஒரு திருப்பத்துக்காகவே ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டலாம்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து அடுத்த நிறுத்தம் சிவகாசி. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு இன்னும் பளபளப்பான லேபிள் வேண்டும். மழை குறைந்த ஊர், காகிதம் நமுக்காது. லேபிள் அடித்த ஊர் காலண்டர் அடித்தது, காலண்டர் அடித்த ஊர் காமிக்ஸ் அடித்தது. 1972இல் 'முத்து காமிக்ஸ்' முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. இங்கிலாந்துக் கதை, ஸ்பெயின் ஓவியரின் கை, சிவகாசி மை. 1984இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு 'லயன் காமிக்ஸ்' வந்தது. அப்போதெல்லாம் சாணித்தாளில் கறுப்பு வெள்ளை, சட்டைப் பைக்குள் மடித்து வைக்கிற அளவு. அந்த அளவில் ரோசின்ஸ்கியின் பனிமலையை அடித்திருந்தால் கரிப்புகைதான் தெரிந்திருக்கும். 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' நூறு ரூபாய் விலையில் வந்த பிறகுதான் வழவழப்பான தாளும் பெரிய அளவும் முழு வண்ணமும் வழக்கமாயின. தோர்கல் தமிழ் பேசியது அந்த அலையில்.

ஒரு பக்கம் எப்படி மாறுகிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஐரோப்பிய ஆல்பத்தில் 46 பக்கம் கதை இருக்கும், அட்டைக்குள் மொத்தம் 48 பக்கம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், மூன்று ஃபாரம் சேர்ந்தால் ஒரு புத்தகம். கதாசிரியர் கதையை நாற்பத்தாறாவது பக்கத்தில் முடித்தே ஆகவேண்டும் என்பது இலக்கிய விதி அல்ல, பைண்டரின் விதி. இங்கே வந்த கோப்புகளில் படம் அப்படியே இருக்க, பேச்சு பலூன்கள் காலியாக்கப்படுகின்றன. பிரெஞ்சுக்காக ஊதிய பலூன் அது. தமிழில் ஒரு வினைமுற்று, ஒரு வேற்றுமை உருபு, பின்னால் ஒரு ஓகாரம் என்று சேர்ந்தால் ஒரே சொல் பலூனின் இரண்டு கரையையும் முட்டும். சொல்லை நடுவில் உடைத்தால் கண் தடுக்கும், எழுத்தைச் சிறிதாக்கினால் நாற்பது தாண்டிய வாசகர் திட்டுவார். சந்தாதாரர்களில் நாற்பது தாண்டியவர்கள்தான் நிறைய. ஆகவே வசனத்தையே சுருக்குகிறார்கள். 'என்னால் இதற்கு மேல் பொறுத்துக்கொள்ள முடியாது' என்பது 'போதும்!' ஆகிவிடும். பல இடங்களில் அது மூலத்தைவிட நன்றாகவும் அமைந்துவிடுகிறது என்பேன். அடுத்தது நான்கு வண்ணம், நான்கு பிளேட். ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தால் தோர்கலின் கன்னத் தழும்புக்குப் பக்கத்தில் இன்னொரு தழும்பு முளைக்கும்.

தோர்கல் கே.கே. நகருக்குள் இரண்டு வழியாக வந்தான். ஒன்று சந்தா. வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால் மாதாமாதம் கூரியரில் அட்டைப்பெட்டி வரும். பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இன்னொன்று கடை. பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய காமிக்ஸ் அங்கிருந்து மறைந்த பிறகு, மேற்கு கே.கே. நகரில் முனுசாமி சாலையில் இருந்த டிஸ்கவரி புக் பேலஸ் மாதிரியான இலக்கியப் புத்தகக் கடைகளில் அது இடம் பிடித்தது. நவீன கவிதைக்கும் தலித் இலக்கியத்துக்கும் வரலாற்று ஆய்வுக்கும் பக்கத்தில் காமிக்ஸ் கௌபாய் டெக்ஸ் வில்லர் துப்பாக்கியோடு நிற்பது முதலில் விநோதமாகத்தான் இருந்தது. காமிக்ஸ் என்றால் பிள்ளைகள் சமாசாரம் என்று சொன்னவர்களும் அங்கே ஒரு பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டார்கள். விலை உறைக்கத்தான் செய்யும். வெளிநாட்டு உரிமத் தொகை, ஆர்ட் பேப்பர், நான்கு வண்ணம், இவ்வளவையும் சின்ன வாசகர் கூட்டம் ஒன்று பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கே.கே. நகர்க்காரர்களுக்கு இந்த மாதிரி உலகம் புதிதா என்றால், இல்லை. வீட்டு வசதி வாரியம் இங்கே மனை பிரித்து செக்டர் எண் போடுவதற்கு வெகு முன்பே, இதே சென்னையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் 'அம்புலிமாமா'வைத் தொடங்கிவிட்டார்கள். 1947 ஜூலை, சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால், தெலுங்கிலும் தமிழிலும். அதில் வந்த மந்திரவாதித் தொடர்களை எழுதியவர் தாசரி சுப்பிரமணியம், படம் போட்டவர் 'சித்ரா'. எரிமலைத் தீவு, ராட்சதப் பறவை, கடல் பூதம், இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவில் மந்திர யுத்தம் என்று எல்லாம் அதில் இருந்தன. எழுத்தாளர் பெயர் போடுகிற வழக்கம் இல்லாததால் தாசரி யாரென்று தமிழ் வாசகருக்குத் தெரியாமலே போயிற்று. விக்கிரமாதித்தனின் தோளில் வேதாளத்தை ஏற்றிய ஓவியர் சங்கர் மட்டும் பெயரோடு நிலைத்தார். 2020 செப்டம்பரில் காலமாகும்வரை அந்த ஒரு சித்திரத்தைப் பற்றியே அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை கைமாறி, 2013 வாக்கில் நின்றும் போனது.

அம்புலிமாமாவின் யுத்தத்துக்கும் தோர்கலின் யுத்தத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே மந்திரவாதி தோற்றால் கதை முடிந்தது, ராஜகுமாரனுக்குக் கல்யாணம். இங்கே ஜெயித்த பிறகும் தோர்கலுக்கு வீடு கிடையாது. அவன் மகன் ஜோலன் பொருள்களின் அணுக்களையே கலைக்கும் சக்தியோடு பிறக்கிறான். அந்தச் சக்தி பிள்ளைக்கு வேண்டாமே என்று அப்பனும் அம்மா ஆரீசியாவும் தவிக்கிறார்கள். வரம் வாங்கத் தவம் கிடந்த கதைகளில் வளர்ந்த நமக்கு, வந்த வரத்தை வேண்டாம் என்கிற பெற்றோர் புது மனிதர்கள்.

இந்தத் தொடரின் எல்லாமே எனக்கு உவப்பு என்று சொல்ல மாட்டேன். வான் ஹாம் 2006இல் 29ஆவது ஆல்பத்தோடு விலகிக்கொண்டார். அதே ஆல்பத்திலிருந்து ரோசின்ஸ்கி மைக்கோட்டை விட்டுவிட்டு நேரடியாக வண்ணத்திலேயே ஓவியம் தீட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு கட்டமும் சுவரில் மாட்டலாம், ஆனால் கதை கொஞ்சம் நின்று நின்று ஓடுகிறது. கிளைத்தொடர்கள் பிறகு வரிசையாக முளைத்தன. இளவயதுத் தோர்கலுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, வில்லி கிறிஸ் டி வால்னோருக்கு ஒன்று. சந்தையின் பசி நிட்ஹாக்கின் பசியைவிடப் பெரிது. 2018இல் 36ஆவது ஆல்பத்தோடு ரோசின்ஸ்கியும் ஓய்வுபெற்றார். அடுத்த வருஷம் ஃப்ரெட் வின்யோ என்ற பிரெஞ்சு ஓவியர் தூரிகையை ஏற்றுக்கொண்டார்.

தமிழில் வண்டி தாமதமாகக் கிளம்பியதில் ஒரு லாபம் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய நல்ல ஆல்பங்களிலிருந்தே தொடங்கலாம், சலித்துப்போகும் இடம் வரும்போது நிறுத்திக்கொள்ளலாம். முதல்முறை வாங்குகிறவர் ஏழாவது ஆல்பத்தை முதலில் படித்துவிட்டு, பிறகு 'கா' நாட்டுக்குப் போகட்டும். அந்த நான்கையும் சேர்த்து வாங்கினால் மட்டும் வாங்குங்கள். நடுவில் ஒன்று இல்லையென்றால் தாத்தா யார், அப்பா யார் என்று குழம்பிப் போவீர்கள்.