368 நாள் கணக்கு



போன மாதம் நம் பள்ளிச் சந்திப்புப் படங்களை இங்கே போட்டிருந்தேன். பத்து நாள் கழித்து ஒரு பழைய மாணவர் போன் செய்தார். அவருக்குப் பார்வை போய் சில வருடம் ஆகிறது. "சார், போன் எனக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டும். உங்க பதிவுக்கு வந்ததும் 'படம், படம்'னு சொல்லிட்டுப் போயிடுச்சு. யார் யார் வந்திருந்தாங்க?" என்றார். நான் சொன்னேன். பிறகு அவர், "இது பரவாயில்ல சார். சாமான் வாங்குற ஆப்ல பட்டனுக்கே பேர் வைக்கல. எது வாங்குறது, எது நீக்குறதுன்னு தெரியாம பையனைக் கூப்பிட வேண்டியிருக்கு" என்றார்.

உங்களில் பலர் கடைக்கு வெப்சைட் வைத்திருக்கிறீர்கள். சிலருக்கு அதைக் கட்டிக் கொடுப்பதே தொழில். அதனால் ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். வரலாற்று வாத்தியாருக்கு வேறு என்ன தெரியும்!

ஆஸ்திரேலியாவில் புரூஸ் மகுவாயர் என்றொருவர். பிறவியிலேயே பார்வையற்றவர். கணினித் திரையில் வரும் எழுத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவியை விரலால் தடவிப் படிப்பவர். 2000-ல் சிட்னியில் ஒலிம்பிக் வரவிருந்தது. போட்டிக் குழுவின் வெப்சைட்டில் அவரால் தேவையானதைப் படிக்க முடியவில்லை. படங்களுக்குப் பின்னால் விளக்க எழுத்து இல்லை. அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி இல்லை. முடிவுகள் வரும் கட்டங்களும் அவர் கருவிக்கு எட்டாது. 1999 ஜூனில் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்.

அவர் நம்பியது 1992-ல் வந்த ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது வெப்சைட் என்ற சொல்லே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஆனால் 'பொதுமக்களுக்குத் தரும் சேவையில் பாகுபாடு கூடாது' என்று இருந்தது. அது போதுமானதாக இருந்தது. புகாருக்கு ஒரு மாதம் முன்புதான், 1999 மே மாதம், உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தன் முதல் அணுகல் நெறிகளை வெளியிட்டிருந்தது. படத்துக்கு ஈடாக எழுத்து கொடு என்பதுதான் அதில் முதல் நெறி.

போட்டிக் குழுவின் வாதத்தைக் கவனியுங்கள். இன்றும் நம் ஊர்க் கம்பெனிகள் சொல்வது அதேதான். 1,295 மாதிரிப் பக்கங்களைத் திருத்த வேண்டும், ஒரு ஆள் நாளுக்கு 8 மணி நேரம் உழைத்தாலும் 368 நாள் ஆகும், தாங்க முடியாத சுமை என்றார்கள். கூடுதல் கருவிகளுக்கு 22 லட்சம் டாலர் வேண்டும் என்றும் கணக்குக் காட்டினார்கள். மகுவாயர் தரப்பு நிபுணர்கள் அவ்வளவு மாதிரிப் பக்கங்களே இல்லை என்றார்கள். ஒன்றுக்கு 10 நிமிடம் போதும், ஒரு அனுபவசாலியும் சில உதவியாளர்களும் நான்கு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள்.

ஆகஸ்ட் 24-ல் ஆணையம் மகுவாயர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தொடக்க விழா நாளான செப்டம்பர் 15-க்குள் சரிசெய் என்றது. முழுதும் சரிசெய்யவில்லை. ஒலிம்பிக் முடிந்த பிறகு, நவம்பரில், 20,000 டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவானது. பணம் வந்தது, ஆனால் ஒலிம்பிக் திரும்பி வருமா? அந்த நாட்களில் அவர் மற்றவர்களைப் போல முடிவுகளைப் படித்திருக்க வேண்டும்.

பிறகு அமெரிக்காவில் டார்கெட் கடை 2008-ல் 60 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தது. டொமினோஸ் பீட்சா உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019-ல் அந்த நீதிமன்றம் வழக்கை விசாரிக்கவே மறுத்ததால், பார்வையற்ற வாடிக்கையாளருக்குச் சாதகமான கீழ்த் தீர்ப்பு நின்றது.

அது வெளிநாடு, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-வது பிரிவைப் பாருங்கள். சேவை தருபவர் அரசோ தனியாரோ, விதிகள் வந்து 2 ஆண்டுக்குள் அணுகும்படி செய்ய வேண்டும். விதிகள் வந்தது 2017-ல். முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். திரும்பச் செய்தால் 50,000-லிருந்து 5 லட்சம் வரை. 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில், வெறும் பரிந்துரையாக எழுதிய விதி செல்லாது, கட்டாயமாக்கு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில், வங்கிக் கணக்குக்கு ஆன்லைனில் கண் சிமிட்டச் சொல்லும் சோதனை பற்றிய வழக்கு. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? டிஜிட்டல் வசதியை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பு வந்தது.

கட்டும்போதே செய்தால் செலவு சொற்பம், இடித்துக் கட்டினால்தான் 368 நாள். கடைக்காரத் தம்பிகள் ஒரு காரியம் செய்யுங்கள். போனில் டாக்பேக்கை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் கடையில் ஒரு சட்டை வாங்கிப் பாருங்கள். ஐபோனில் அதன் பெயர் வாய்ஸ்ஓவர். பணம் கட்டும் இடம் வரை போக முடிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

போன மாதப் படத்துக்கு இப்போது எழுத்து சேர்த்துவிட்டேன்: வேப்பமரத்தடியில் இரண்டு வரிசையாகப் பதினான்கு பேர். நடுவில் நாற்காலியில் நான், கையில் நீங்கள் போர்த்திய சால்வை. பின்வரிசையில் இடது ஓரம் ஒரு ஆள் நிற்கும் இடம் காலி. போனில் பேசியவர், அது தனக்கு விட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.