காய்ச்சியவரும் கலந்தவரும்

ஜூபிலி மலரில் சாராயம் காய்ச்சியோரைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வினவலாம். நம் வட்டாரத்தின் வரலாற்றில் அவர்களுக்கும் இடமுண்டு. அதனால் அழிந்த குடும்பங்களுக்கும் இடமுண்டு. ஆகவே எழுதுகிறேன்.

வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையில் ஊறவைத்து, புளித்தபின் அடுப்பிலேற்றி, எழும் ஆவியைக் குளிரச்செய்து துளித்துளியாக வடிப்பர். இதுவே நம் பெரியோர் அறிந்த பட்டைச் சாராயம். 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் இத்தொழிலை அரசின் பிடிக்குள் இறுக்கியது. அன்றைய தென்னார்க்காட்டு நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியார் சர்க்கரை ஆலையோடு வடிசாலையும் நடத்தினர். உரிமம் பெற்று வடித்தது வருமானமாயிற்று. உரிமமின்றி வடித்தது குற்றமாயிற்று.

1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. கடைகள் மூடின, கள்ள அடுப்புகள் அணையவில்லை. ஏரிக்கரைகளும் தோப்புகளும் அவற்றிற்கு மறைவிடமாயின. மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது. 1974-இல் திரும்ப வந்தது. 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது.

எனினும் கள்ளச் சரக்கு ஒழியவில்லை. அதன் தன்மைதான் மாறிற்று. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் குடித்தது அடுப்பில் காய்ச்சிய சாராயமே அன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனாலே 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஊறலும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். விஷத்தைத் தண்ணீரில் கலந்து விற்றால் போதும் என்றாகிவிட்டது. முன்பு காய்ச்சியவன் செய்ததும் தீங்குதான். இன்று கலப்பவன் செய்வதோ கொலை.

மெத்தனால் உடனே தன்னைக் காட்டிக்கொள்ளாது. குடித்தவனுக்கு முதலில் வெறும் போதையாகவே தோன்றும். பல மணி நேரம் சென்றபின், உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, வயிற்றுவலியும் வாந்தியும் காணும், பார்வை மங்கும், மூச்சு வாங்கும். காலத்தோடு மருத்துவமனை சேர்ந்தால் மாற்று மருந்து உண்டு, பிழைக்க வழியுண்டு.

ஆகையால் அன்பர்களே, வீட்டில் ஒருவர் குடித்துவிட்டுக் கண் தெரியவில்லை என்றால், போலீசுக்கு அஞ்சியோ, ஊரார் பேச்சுக்கு நாணியோ அவரை உள்ளே கிடத்தி வைக்காதீர். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். குடித்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறிவுரை பிறகு சொல்லலாம். முதலில் அவர் பிழைக்கட்டும்.