களுத்துறைச் சுகாதாரப் பிரிவு

இலங்கை அரசு, அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் 1926இல் களுத்துறையில் தொடங்கிய முன்னோடி அமைப்பு. நாட்டின் பொதுச் சுகாதார ஊழியர் அணி இதன் வழியில் வளர்ந்தது.

இதற்கு முன்னோடியான முயற்சி ஓரளவு தோல்வி கண்டது. 1916 முதல் அறக்கட்டளை தோட்டப்புறங்களில் கொக்கிப்புழு ஒழிப்பை நடத்தியது. மருந்து புழுவை வெளியேற்றியது. ஆனால் மலசலகூடமில்லாத லயன் குடியிருப்புகளில் வெறுங்காலுடன் நடந்த தொழிலாளரைப் புழு மீண்டும் தொற்றியது. ஒரு நோய்க்கென ஒரு படையை அனுப்பிப் பயனில்லை என்பது விளங்கிற்று.

களுத்துறையில் அந்த முறை மாறியது. நோய்க்குப் பதிலாக நிலப்பரப்பு அலகாயிற்று. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் பரிசோதகர், தாதி, மருத்துவிச்சி ஆகியோர் ஒரே மக்களுக்குப் பொறுப்பாயினர். வீடுவீடாகச் செல்லும் மருத்துவிச்சி காணும் காய்ச்சல், கிணற்றையும் கழிவிடத்தையும் பார்க்கும் பரிசோதகருக்கும் செய்தியாகும். புதியவர்கள் பயிற்சி பெற்றதும் இதே களத்தில்தான். அந்தப் பயிற்சி மரபை இன்று அங்குள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனம் தொடர்கிறது.

1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அதன்பின் இத்தகைய பிரிவுகள் நாடெங்கும் பெருகின. 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000ஐத் தாண்டியிருந்த தாய் இறப்பு, 1950இல் 600க்குக் கீழே இறங்கியது. மலேரியாக் கட்டுப்பாடு, இலவச மருத்துவம், பெண்கல்வி ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. மருத்துவிச்சியை மட்டும் புகழ்வது வரலாறாகாது. ஆயினும் ஒவ்வொரு தாயின் இறப்பையும் தனித்தனியே ஆராய்ந்து, பிழை நேர்ந்த இடத்தைத் திருத்தும் வழக்கம் இந்த அமைப்பு இருந்ததால்தான் வேரூன்ற முடிந்தது.

மலையகத் தோட்டங்களின் மருத்துவம் நெடுங்காலம் கம்பனிகளின் கையிலேயே இருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே அரச சுகாதாரச் சேவை மெல்ல அங்கே நுழைந்தது. கொக்கிப்புழு ஒழிப்புக்குக் களமான மக்களே கடைசியில் சேர்க்கப்பட்டனர் என்பது இவ்வரலாற்றின் பெருங்குறை.

சுகாதாரத் துறையை ஒன்றோடொன்று பிணைந்த முழுமையாகக் காணும் சிந்தனையை விளக்கி உலக சுகாதார நிறுவனம் 2009இல் அறிக்கை வெளியிட்டது. களுத்துறை அதைப் பெயர் சூட்டாமலே முன்பே செய்துகாட்டியது. ஆனால் பேறுகாலத்தையும் தொற்றுநோயையும் மனத்திற்கொண்டு வகுத்த பணிப்பங்கீடு, நீரிழிவும் முதுமையும் பெருகிவிட்ட இன்றைய இலங்கைக்குப் போதாது; இன்று குடும்பநல உத்தியோகத்தர் எனப்படும் அந்த மருத்துவிச்சியின் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றுவது அதற்குத் தீர்வுமாகாது.