காவலர் தேர்வில் வயது வரம்பும் தகுதி வழக்குகளும்

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர், உதவி ஆய்வாளர் பணிகளுக்கு நேரடியாக ஆள் எடுப்பது, 1991இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். 2022 ஜனவரி 1 அன்று தொடங்கப்பட்ட தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் போன்றவை தனியே தேர்வு நடத்துவதில்லை. வயது வரம்பு மாநிலம் முழுவதற்கும் ஒன்றே.

வரம்புகள்: 2020ஆம் ஆண்டு அறிவிக்கையில் காவலர் பணிக்குப் பொதுப் பிரிவின் உச்ச வயது 24. 2022இல் அது 26 ஆனது. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், திருநர் ஆகியோருக்கு 31, ஆதரவற்ற விதவையருக்கு 37, முன்னாள் ராணுவத்தினருக்கு 47 என வரம்புகள் அமைந்தன. குறைந்தபட்ச வயது 18.

வயதைக் கணக்கிடுதல்: வயது எந்த நாளில் கணக்கிடப்படும் என்பதை அறிவிக்கையே சொல்லிவிடும்; பெரும்பாலும் அது அவ்வாண்டின் ஜூலை 1. ஒரு நாள் வித்தியாசமும் விண்ணப்பத்தைத் தள்ளிவிடக்கூடும். ராஜஸ்தான் அரசுப் பணி வழக்கொன்றில் 1986இல் உச்ச நீதிமன்றம், பிறந்த நாளையும் முழு நாளாகச் சேர்க்க வேண்டும், எனவே பிறந்தநாளுக்கு முந்தைய நாளிலேயே அந்த வயது நிறைவடைகிறது என்று தீர்ப்பளித்தது.

பாலினத் தகுதி: திருநங்கை பிரித்திகா யாஷினியின் உதவி ஆய்வாளர் பணிக்கான விண்ணப்பம், படிவத்தில் மூன்றாம் பாலினத்துக்கு இடமில்லாததால் முதலில் நிராகரிக்கப்பட்டது. நூறு மீட்டர் ஓட்டத்தில் சுமார் ஒரு விநாடி தாமதமானதும் சிக்கலாயிற்று. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, அடுத்த தேர்வுகளில் மூன்றாம் பாலினத்தைச் சேர்க்குமாறு வாரியத்துக்கு உத்தரவிட்டது. 2017இல் அவர் தருமபுரியில் பொறுப்பேற்றார்.

குற்ற வழக்குகள்: எழுத்துத் தேர்விலும் உடல்தகுதித் தேர்விலும் வென்றவர்கள் காவல்துறைச் சரிபார்ப்பில் நீக்கப்படுவதும் வழக்குகளுக்குக் காரணமாகிறது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கொள்ளப்படுவார் என்னும் மாநில விதியை 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு ஏற்றது. வழக்கை மறைத்தவர் சிறு குற்றத்தில் மட்டும் சிக்கியிருந்தால், நியமிக்கும் அதிகாரி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

விதி மாற்றம்: அறிவிக்கை வெளியாகித் தேர்வு தொடங்கிய பின், விதிகளோ அறிவிக்கையோ அனுமதித்தாலன்றி, தகுதி நிபந்தனைகளை இடையில் மாற்ற இயலாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது.